மாலைக்குள் குத்திய மைக்

காலர் மைக் டப்பாவில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று கேமராவில் செருகும் ரிசீவருக்கு, இன்னொன்று சட்டையில் குத்தும் மைக்குக்கு. மதியம் மூன்றரைக்கு, மர்பி டவுனில் தன் மாடியறையில் உட்கார்ந்து ஓஸ்வால்ட் அதைத் திறந்தபோது ரிசீவர் மட்டும்தான் இருந்தது.

பையைக் கவிழ்த்தான். பாக்கெட்டைத் துழாவினான். அப்புறம்தான் நினைவு வந்தது. மைக் ஆறடி மண்ணுக்குக் கீழே, காலையில் புதைத்த மதலைமுத்துவின் நெஞ்சின் மேல், ரோஜா மாலைக்குள் இருந்தது.

எல்லாம் அன்னாவால் வந்த வினை. மதலைமுத்துவின் ஒரே மகள். குவைத்திலிருந்து சாவுக்கு வர முடியாதவள். நேற்று போனிலேயே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

"எங்க சித்தி சாவுக்கு நீ எடுத்த வீடியோல ஜெனரேட்டர் சத்தந்தான் கேட்டுச்சு. எங்கப்பாவ பத்தி யாரு இன்னா சொன்னாங்கன்னு ஒரு வார்த்த உடாம எனக்குக் கேக்கணும். இல்லன்னு வெய்யி, நம்ம ஏரியால ஒரு பய உன்ன கூப்பிட மாட்டான்."

சாவும் கல்யாணமும் எடுத்துப் பிழைப்பவனுக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் வேண்டுமா? எந்த மைக் என்று மண்டையை உடைத்துக்கொண்டான். கேமராவிலேயே இருக்கும் மைக், ஃபேன் சத்தத்தையும் வாசலில் டீ குடிப்பவன் பேச்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும். நீட்டு மைக் கேமரா பார்க்கும் திசையை மட்டும் கேட்கும். ஆனால் பெட்டிமேல் குனிந்து அழுகிறவர்களின் முதுகைத்தானே கேமரா பார்க்கும்? மிச்சம் காலர் மைக். அதை யாருக்குக் குத்துவது? வருகிற அத்தனை பேரும் செத்தவர் முகத்தருகே குனிந்துதான் புலம்புவார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றியதும், யாரும் பார்க்காதபோது மாலைக்குள் குத்திவிட்டான். ஒலி சுத்தமாக வந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே சொக்கிப்போய், மூடியை அறையும்போது அதை எடுக்க மறந்தான். பிணத்துக்கு மைக் மாட்டியவன் என்று தெரிந்தால் தெரு சிரிக்காது, தோலை உரிக்கும்.

போனது போகட்டும், பதிவாவது இருக்கிறதே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

வெளியே மழைமேகம் கவிந்து அறை நேரத்துக்கு முன்பே இருட்டத் தொடங்கியிருந்தது. காதுக்குள் பெண்களின் ஒப்பாரி, மூக்குச் சிந்தல், ஜெபம், ஆணி அறையும் ஓசை, பிறகு எல்லாமே கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் அமுங்கிப்போய், வண்டியின் உறுமலும் கயிறு உரசிப் பெட்டி இறங்கும் கிறீச்சும் ஒவ்வொன்றாக வந்தன. கல்லறையில் ஹெட்போன் மாட்டினால் ஃபாதர் முறைப்பார் என்று அப்போது கழற்றி வைத்திருந்தான். இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறான். மண் விழுந்தது. மேலும் விழுந்தது.

அதற்குள்ளிருந்து, தட். தட். தட்.

"டேய் ஓஸ்வால்ட்டு. பெட்டிய திறடா."

சின்ன வயதிலிருந்து தெருமுனையில் நின்று அவனை ஏசிய மதலைமுத்துவின் அதே குரல். டாக்டர் பார்த்தாரே, ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் கிடந்தாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குரல் நிற்கவில்லை. ஏழு நிமிடம், கேமராவை அணைக்கும்வரை, அவன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டது.

மண் தள்ளி நான்கு மணி நேரம் ஆகிறது. இப்போது சொன்னாலும் தோண்டலாம். ஒருவேளை உயிர் இருக்கலாம். போனை எடுத்தான். கையிலேயே அது அலறியது. அன்னா.

"வீடியோ இன்னா ஆச்சு?"

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்…"

"சவுண்டு வரலியா? சும்னே கத வுடாத. உன் பொழப்ப நாறடிச்சிருவேன்."

"இல்லக்கா. சவுண்டு சூப்பரா வந்துருக்கு. இன்னிக்கே அனுப்பிர்றேன்."

வைத்துவிட்டான். அந்த ஏழு நிமிடத்தை வெட்டினான். பிறகு மூலப் பதிவையும் அழித்தான். தான் ஒரு கோழை என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

மேசைமேல் ரிசீவரின் சிவப்பு விளக்கு பச்சையானது.

மைக் நூறு மீட்டருக்குள் இருந்தால்தான் பச்சை எரியும். கல்லறை ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரிசீவரின் சின்னத் திரையில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. ஹெட்போனை ரிசீவரில் செருகினான்.

மழை கேட்டது. ஈரத் துணி உரசியது. ஏதோ இழுத்து இழுத்து நடந்தது. ஓர் ஆட்டோ ஹாரன். அதே ஹாரன் ஜன்னல் வழியாகவும் வந்தது.

இரண்டு கோடு.

தெருநாய் குரைத்தது. காதுக்குள் அது ஊளையானது, பிறகு முனகல்.

மூன்று கோடு. இரும்புக் கேட்டின் கொக்கி. கீழ்வீட்டில் யாரும் இல்லை. படிக்கட்டு. ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

கதவைத் தாழ் போட்டோமா? திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

நான்கு கோடு.

நடை நின்றது. யாரும் தட்டவில்லை. ஈரமண் வாடை. அழுகிய பூ வாடை.

காதில் மூச்சுச் சத்தம். வேகமாக, பயந்த மூச்சு. ஓஸ்வால்ட் மூச்சை அடக்கினான். காதிலும் அடங்கியது. எச்சில் விழுங்கினான். காதில் அது கேட்டது. அது அவனுடைய மூச்சுதான். இவ்வளவு துல்லியமாக எடுக்க மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும்.

மானிட்டர் தானாக அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே, பின்னாலிருந்து நீண்ட இரண்டு கைகள், நகமெல்லாம் பெயர்ந்து சேறு அப்பிய விரல்களால், அவன் சட்டைக் காலரில் கிளிப்பை நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தன.