மஞ்சள் குழாய்

முள் நூற்றிருபதில் நின்றது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜை அவன் விரலால் தட்டிப் பார்த்தான். இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இருநூறு நிறைந்திருந்த சிலிண்டர் அதற்குள் நூற்றறுபதைத் தாண்டி இறங்கியிருக்கவே கூடாது. கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டிவரும் வழிகாட்டிகளில் அவனுக்குத்தான் ‘கஞ்சன்’ என்று பட்டப்பெயர். மூச்சைக்கூட முடிந்துவைத்துச் செலவழிக்கிறான் என்று சிரிப்பார்கள்.

எரிமலைத் தீவை ஒட்டிய அந்த இடத்தில் படகு கட்டும் கயிறு நைந்துபோயிருந்தது. மாற்றிவிட்டு வரலாம், கால்மணி நேர வேலை என்று தனியாகவே இறங்கியிருந்தான். மேலே படகில் தங்கை இருந்தாள். கணவன் இதே இடத்தில் மூழ்கிப் போன பிறகு படகோட்டுவது அவள்தான்.

வெயில் சாய்வாக இறங்கி ஊதா நிறப் பவளக் கிளைகள் மேல் அலைந்துகொண்டிருக்க, கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் நறநறப்பும், கறுத்த பிளவுகளில் வெந்நீர் கசிகிற மெல்லிய முணுமுணுப்பும், அவற்றுக்கு நடுவே அவன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழாயில் எழுகிற இரைச்சலும் காதில் விழுந்தன. ஒவ்வொரு இரைச்சலுக்குப் பிறகும், சற்றுத் தள்ளி, இன்னொரு இரைச்சல் கேட்டது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த இன்னொன்று நிற்கவில்லை.

மார்பைத் தடவினான். காற்றுத் தீர்ந்தவருக்குக் கொடுப்பதற்கென்று அங்கே மாட்டியிருக்கும் மஞ்சள் குழாய் இல்லை. அது அவன் அக்குளுக்கு அடியில் பின்பக்கமாகப் போய் விறைத்து நின்றது.

போன வருடம் மாப்பிள்ளையின் காற்று இங்கேதான் நின்றுபோனது. தொண்டைக்குக் குறுக்கே கையை வெட்டிக் காட்டியபடி இவனிடம் நீந்தி வந்தார். வந்தவர் பிடித்தது அந்த மஞ்சள் குழாயைத்தான். இவனுக்குப் பயம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளிவிட்டு மேலே வந்துவிட்டான். சொல்லச் சொல்லக் கேட்காமல் தனியாகக் குகைக்குள் போய்விட்டார் என்று தங்கையிடம் சொன்னான். அவள் நம்பினாள். ஒரு வருடமாகச் செத்துப்போன புருஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கூச்சமே இல்லாமல் இவனும் தலையாட்டிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அது போதும் அவனுக்கு.

எண்பது.

கயிற்றை விட்டான். மேலே. பின்னால் திரும்பவில்லை. அவன் இழுத்தால் அதுவும் இழுத்தது. அவன் வேகமாக இழுத்தால் அதுவும் வேகமாக.

ஐம்பது. முப்பது. பத்து.

குழாயில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம். ஏணி.

வாயிலிருந்ததைத் துப்பினான். “கையக் குடு.”

தங்கை கொடுக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. “கீழ உன்கூட யாருண்ணா?”

“யாருமில்ல.”

“ரெண்டு பேரோட குமிழி வந்துச்சு. பக்கத்துப் பக்கத்துல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

குழாய் அவனைக் கீழே இழுத்தது. உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. ஏணியைப் பிடித்த கை வழுக்கியது. “பயந்துட்டேன்மா,” என்றான். “வந்து கேட்டாரு. நான் குடுக்கல. கையக் குடு.”

படகு இரண்டு முறை ஏறி இறங்கியது.

“அன்னைக்கு உன் சிலிண்டர்ல எவ்வளவு இருந்துச்சு?”

பொய் சொல்ல மூச்சில்லை. “நூறு.”

நூறு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேர் நிதானமாக மேலே வந்து, படகில் ஏறி, சிரித்துப் பேசுகிற அளவு.

அவள் குனிந்து கையை நீட்டினாள். அவனுக்கில்லை. அவன் தோளுக்குப் பின்னால்.

முதுகில் ஒரு முழங்கால் ஏறியது. தோளில் ஒரு பாதம். பிறகு தலையில். ஒரு ஆளின் முழுக் கனமும் அவன்மேல் மிதித்து ஏறிப் போனது. ஏணி கையை விட்டது. இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டை கீழே இழுத்தது. மிதவைச் சட்டையில் ஊத ஒரு பொட்டுக் காற்றில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தான். படகின் விளிம்பில் தங்கை குனிந்திருந்தாள். அவள் தோளை உரசிக்கொண்டு, மீன்கள் தின்று மிச்சம் வைத்த முகம் ஒன்றும் குனிந்திருந்தது. இருவரும் அவன் அமிழ்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.