கழுத்துப் பலகை

மாமல்லபுரம் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பைக் கடந்து அந்த வீட்டு வாசலில் நின்றபோது பூங்கொடிக்குக் கால் கூசியது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இது இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்த இடம். இப்போது வாடகை பங்களா. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். இங்கே படித்ததைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

வீட்டில் குடியிருந்த மொய்ரா, அயர்லாந்திலிருந்து ஒரு வருஷத்துக்கு வந்திருந்த ஆராய்ச்சியாளர். தினமும் செங்கல்பட்டில் உள்ள ஒரு கல்லூரிக்குப் போய்வருவாள். சாகக் கிடந்த ஐரிஷ் மொழியைப் பிள்ளைகள் வாயில் திரும்ப வரவழைக்க அவள் ஊரில் தனிப் பள்ளிகள் உண்டாம். பள்ளி கேட்டுக்குள் நுழைந்தால் எல்லாமே ஐரிஷ்தானாம். அதைப் பற்றித்தான் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள் ஓர்லாவையும் அப்படியே வளர்த்தாள். ஓர்லா ஐரிஷில் கதை சொல்வாள், பூங்கொடி தமிழில் உம் கொட்டுவாள். ஒரு வார்த்தை புரியாமலே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

பரணைச் சுத்தம் செய்த அன்று வந்தது வினை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மாட்டும் மரப்பலகை, கயிற்றோடு கிடைத்தது. 'ஐ ஸ்போக் டமில்' என்று அதில் எழுதியிருந்தது.

"எங்கள் நாட்டிலும் ஐரிஷ் பேசிய குழந்தைகளின் கழுத்தில் குச்சி கட்டித் தொங்கவிட்டார்கள்" என்றாள் மொய்ரா, புத்தகத்தில் கற்ற தமிழில். புதையல் கிடைத்த மாதிரி அதைக் கூடத்து ஆணியில் மாட்டினாள். பூங்கொடி அந்தப் பக்கமே பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஓர்லா பேசவில்லை.

நான்காம் நாள் மொய்ரா மகளின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே, பின்பக்கம், நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"நீங்கள் என் குழந்தையைக் கிள்ளினீர்களா?"

"ஐயோ, நான் இன்னாத்துக்கு மேடம் கிள்றேன்?"

மொய்ரா நம்பவில்லை. அவள் பார்வையே சொன்னது. இன்னொரு தடம் விழுந்தால் போலீஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல பூங்கொடி வாயை மூடிக்கொண்டாள். கையில் கன்றிய அந்த இடம் அவளுக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் பலகையைக் கழற்ற ஒரே வழி, இன்னொரு பிள்ளையைத் தமிழ் பேசும்போது பிடித்துக்கொடுப்பது. கடைசி மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ அவளுக்குப் பிரம்படி. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் அது பூங்கொடி கழுத்தில் இருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிஷம். முன்பெஞ்சு ஜெனிட்டாவை முழங்கைக்கு மேலே, பின்னாலிருந்து கிள்ளினாள்.

"அம்மா!" என்று கத்தினாள் ஜெனிட்டா.

பலகை கைமாறியது. அடிக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்த ஜெனிட்டாவைப் பலகையோடுதான் வெளியே எடுத்தார்கள், பிணமாக.

மறுநாள் பகல் மூன்று மணி. மின்விசிறி நின்றது. கூடம் முழுக்கப் பாசி நாற்றம்.

ஓர்லா சுவரோரம் உதட்டைக் கடித்தபடி நின்றாள். கண்ணீர் ஓடியது. வாய் திறக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் தரையில் ஈரப் பாதங்கள். சின்னவை.

ஓர்லாவின் கைச் சதை தானாகத் திருகியது.

"ஜெனிட்டா..." பூங்கொடி அந்த ஈரத் தடங்களின் முன் மண்டியிட்டாள். "கொயந்தைய வுட்ருடி. அது இன்னா பண்ணிச்சி? உன்னக் கிள்ளினது நான்தான். இதோ, தமிள்லதான் பேசிகினு கீறேன். பலகைய எங்கிட்டயே குட்த்துடு."

காதோரம் ஒரு பிள்ளைக் குரல்.

"மிஸ், பூங்கொடி இஸ் டாக்கிங் இன் டமில்."

ஆணியில் பலகை இல்லை.

பூங்கொடியின் பிடரியில் ஈரக் கயிறு உரசியது. ஓர்லா வீடு அதிர ஐரிஷில் அழுதாள்.

சாயங்காலம் வந்த மொய்ரா, மகள் பேசக் கேட்டு வாரி அணைத்துக்கொண்டாள். அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள்.

"பலகை எங்கே?"

பூங்கொடி வாயைத் திறந்தாள். ஒரு சொல்கூட வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத பலகை நெஞ்சில் இடித்தது.

"நாளை நீங்கள் வர வேண்டாம்" என்றாள் மொய்ரா. குழந்தை பிழைத்தது, அது போதும் என்று பூங்கொடி பஸ் ஏறினாள்.

வீட்டில் அவள் மகள் கவியா முதுகு காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பூங்கொடி அவளைக் கூப்பிடப் பார்த்தாள், முடியவில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் பாரம் ஏறியது. அதைக் கழற்றும் வழி அவளுக்குத் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்று நெஞ்சு கதறியது.

விரல்கள் கேட்கவில்லை.

"அம்மா!" என்று அலறினாள் கவியா.

பூங்கொடியின் கழுத்து லேசானது.