சிவப்பு நூல் சுற்றிய டம்ளர்

வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட வாயாடி இப்போது தம்பியோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாப்பிடும்போதுகூட மேசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலை வாங்கி வந்தவள் அவள்தான். தம்பியைக் கிட்டே சேர்க்காதே என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் அவன் கெஞ்சினான் என்று தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். சில நாளில் அவனும் படுத்துவிட்டான்.

காய்ச்சல் விட்டது. ஆனால் அதற்குப் பிறகு தம்பி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், ஓயாமல் பாத்ரூமுக்கு ஓடினான், ஆளே துரும்பாக இளைத்துப்போனான். சர்க்கரை நோய் என்றார் டாக்டர். இனி தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். சிலருக்கு வைரஸ் காய்ச்சல்கூட இதைக் கிளப்பிவிடலாம் என்று அவர் அப்பாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான். தம்பியின் கிட்டே போனால் இன்னும் என்ன நோயைக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்தே செத்தாள்.

ஒரு நாள் சமையலறையில் தம்பி ஒரு டம்ளரைச் சுற்றிச் சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். எதற்கு என்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

"இது என் டம்ளர்க்கா. மாத்தி எடுத்துடாதே. என் வியாதி ஒட்டிக்கும்னுதானே நீ தள்ளித் தள்ளிப் போறே?"

அவள் சட்டென்று உள்ளே வந்தாள். பாவம், இந்தப் பிள்ளை இப்படியா நினைத்துக்கொண்டிருக்கிறான்! டம்ளரை வாங்கி, அதிலிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பிறகு காய்ச்சல், பாட்டில் என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

சொல்லியும் பயம் போகவில்லை. அதனால் அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவளும் கூடவே போனாள்.

"நான் குடுத்த காய்ச்சலாலதான் தம்பிக்கு இது வந்துச்சா?"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கிருமியோடு சண்டை போட நம் உடம்புக்குள் காவல்காரர்கள் உண்டாம். தம்பி உடம்பில் அவர்கள் ஆள் தெரியாமல் இன்சுலின் சுரக்கும் இடத்தையே தாக்கிவிட்டார்களாம். அது காய்ச்சலுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம், காய்ச்சல் அதைத் தூண்டியும் விட்டிருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"உன் வகுப்புல நிறைய பேருக்கு அதே காய்ச்சல்தானே? அவங்களுக்கு சர்க்கரை வந்துச்சா? உனக்கு வந்துச்சா? இதுல யார் மேலயும் தப்பு இல்லம்மா. இந்த நோய் ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டவும் ஒட்டாது."

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி எதையோ யோசித்துக்கொண்டே வந்தான்.

"பாட்டிலைக் கேட்டு அடம் பிடிச்சது நான்தானேக்கா?" என்றான். "நாளைக்கு ஊசி போடறப்ப என் கையைப் பிடிச்சுக்கோ. பேசிக்கிட்டே இரு."

மறுநாள் வாயாடி அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், ஊசி போட்டு முடித்து அம்மா எழுந்து போன பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "போதும்க்கா, ஊசிகூட வலிக்கல, காதுதான் வலிக்குது" என்று தம்பி கெஞ்ச வேண்டியதாயிற்று.