இறங்காத சுருதி

சுருதி இறக்கிய மறுநாளே, பியானோவில் ஒரு கட்டை மட்டும் பழைய சுருதிக்கே ஏறியிருந்தது.

1886-ஆம் வருஷம். எல்லா ஊர் வாத்தியங்களுக்கும் ஒரே சுருதி என்று வியன்னாவில் கூடிய பெரியவர்கள் முந்தின வருஷம் முடிவு செய்திருந்தார்கள். கிராட்ஸ் நகரத்துக்கு அது வழக்கத்தைவிடத் தாழ்வு. நாடக அரங்கில் ஓபோக் குழல் வாசிக்கும் ஃப்ளோரியன் புதுக் குழலுக்கு மாறினான். வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அவன் மனைவி வால்புர்கா பியானோவை இறக்கச் சொன்னாள். எல்லாம் இறங்கின, மற்ற வாத்தியங்கள் சுருதி சேர்த்துக்கொள்ளும் நடு 'ஏ' கட்டையைத் தவிர.

"கம்பின்னா தளரும். தானா ஏறி நான் பார்த்ததில்லைம்மா," என்றார் சுருதி சேர்க்க வந்த பிக்லர். மூன்றாம் முறை வந்தபோது, வாசலில் நின்று கொஞ்ச நேரம் உள்ளே காது கொடுத்தவர், பையைத் திறக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

கூரையில் உருகும் பனி சொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஈரக் கம்பளியும் கரிப்புகையும் முட்டைக்கோஸ் கொதிக்கும் வாடையும் அடைந்துகிடந்த அந்த அறையில், மேஜைக்கடியில் மணி கோத்துக்கொண்டிருந்த ஆறு வயது மகள் ஸென்ஸியிடமிருந்து மெல்லிய முனகல் ஒன்று வருவதை வால்புர்கா கவனித்தாள். போய்க் கட்டையை அழுத்தினாள். அதே ஸ்வரம். மறுநாள் கட்டை இன்னும் ஏறியிருந்தது. முனகலும் கூடவே ஏறியிருந்தது.

"நாள் பூரா உன் சிஷ்யைங்க கத்துறதைக் கேக்குற பிள்ளை வேற என்ன பண்ணும், புர்கி?" என்று ஃப்ளோரியன் சிரித்தான்.

"மூச்சு விடாமலா?"

அவன் காது கொடுத்தான். சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் நின்று கேட்டான். பிறகு குறடு எடுத்துவந்து அந்தக் கட்டையின் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். ஸ்வரம் அறுபடவில்லை.

"போதும்டி கண்ணு, நிறுத்து," என்றாள் வால்புர்கா.

"நான் பாடலைம்மா," என்றாள் ஸென்ஸி. அவள் பேசும்போதும் ஸ்வரம் ஒலித்துக்கொண்டேயிருந்தது. "வலிக்குதும்மா. அவங்கள நிறுத்தச் சொல்லு."

ஃப்ளோரியன் தொப்பிகூட இல்லாமல் வைத்தியரைக் கூப்பிட ஓடினான்.

வால்புர்கா குழந்தையை மடியில் கிடத்தி வாயைப் பொத்தினாள். பயனில்லை. கழுத்தைத் தடவினாள். தொண்டை அசையவே இல்லை. இளஞ்சூடாகத் தேன் புகட்டினாள், கடைவாயில் வழிந்தது. தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னாள். செய்ய வேறொன்றும் தெரியாமல், குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

முதலில் அந்த ஒற்றை ஸ்வரம். அதனடியில் ஒரு வயலின். இன்னொன்று. பிறகு கொம்புகள், புல்லாங்குழல்கள், தடித்த தந்திகளின் உறுமல். திரை விலகுமுன் அரங்கில் வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் அதே இரைச்சல், அந்தச் சின்ன விலாக்கூட்டுக்குள். யாரோ இருமினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

வாத்தியக் குழுவை நடத்துபவர் கோலால் தட்டும் சத்தம்.

எல்லாம் அடங்கியது. ஸ்வரமும்.

நின்றுவிட்டதென்ற நிம்மதியில் வால்புர்கா அழத் தொடங்கினாள். மடியில் கனம் கூடியது. குழந்தையின் விரல்கள் ஜில்லிட்டன.

ஸென்ஸி அண்ணாந்து பார்த்தாள். நிறைய மூச்சு இழுத்தாள்.

வாய் திறந்தது.

திறந்துகொண்டே போனது.