வரைபடத்தில் இல்லாதவை

மூன்றாம் வரிசையின் கடைசி ரேக்கில் ஒரு மஞ்சள் கேபிள் கூடுதலாக இருந்தது. வரைபடத்தில் அது சொருகியிருந்த போர்ட் காலி. சரிபார்க்க வந்தவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன மாதம் இந்த சர்வர் அறைக்குள் காலே வைக்காமல், கேன்டீனில் உட்கார்ந்தபடி, ‘நேரில் பார்த்தேன், எல்லாம் பொருந்துகிறது’ என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மகராசனும் அவன்தான். சனியன், அது இப்போது அவன் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது.

மணி மூன்றரை. நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் மகள் நிற்பாள். “இன்னைக்காவது லேட் பண்ணாம வாப்பா” என்று காலையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள்.

அவன் தொழிலில் கையெழுத்து விழுந்த வரைபடம்தான் சட்டம்; அதில் இல்லாதது எதுவானாலும் வெட்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் வெட்டுவதற்குமுன் மறுமுனை எங்கே என்று பார்த்தாக வேண்டுமே. கேபிளை விரல்களால் தடவி, தொய்வை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே நடந்தான். விசிறிகளின் ஓயாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், ஜன்னலே இல்லாத அறையின் எலும்பைத் துளைக்கும் குளிரும் கூடவே வர, கேபிள் ரேக்குகளுக்குப் பின்னால் வளைந்து, தரையோரமாக ஓடி, அவன் உள்ளே வந்த கதவை நோக்கிப் போனது.

அங்கே கதவு இல்லை. சுவர் இருந்தது. கேபிள் அதற்குள் போயிருந்தது.

அடச்சே, வரிசை மாறிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டான். நான்கு சுவரையும் தடவியபடி சுற்றி வந்தான். எங்கும் கதவில்லை. மணி நான்கைத் தாண்டிவிட்டது. வரைபடம் போட்டவளுக்குப் போன் செய்தான்.

“அக்கா, சர்வர் ரூம் கதவக் காணோம்க்கா!”

“டிராயிங்ல கதவே இல்லையே தம்பி. நான் போட மறந்துட்டேன். நீதான் எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டியே. அதான் ரூமை அதுக்கேத்த மாதிரி மாத்திட்டாங்க.”

“யாரு மாத்தினா? விளையாடாதீங்கக்கா, பாப்பாவைக் கூப்பிடப் போகணும்!”

தாளைப் பார்த்தான். நான்கு கோடுகள். எங்கும் இடைவெளி இல்லை. கீழே அவன் கையெழுத்து.

“வேலை இன்னும் முடியலையாம்” என்றாள் அவள், சாதாரணமாக. “கூடுதலா ரெண்டு இருக்காம். ஒண்ணு அந்த மஞ்சள் கேபிள்.”

“இன்னொண்ணு?”

“டிராயிங்ல ஆள் யாரும் இல்லையே தம்பி.”

போன் அடங்கியது. முதல் வரிசையில் விளக்கு அணைந்தது. இரண்டாவது. மூன்றாவது.

சக்.

கட்டரின் சத்தம். அவனுடைய கட்டர் இடுப்புப் பையில் இருந்தது.

வெட்டுப்பட்ட கேபிள் தரையில் சரசரத்தது. சுவர் அதை உள்ளே இழுத்தது. மணிக்கட்டுச் சுற்று இறுகியது. உதறினான். அவிழவில்லை.

போன் மறுபடி ஒலித்தது. பள்ளி எண். இடது கையால் எடுத்தான்.

“அப்பா, எல்லாரும் போயிட்டாங்க. எங்கப்பா இருக்க?”

போனின் வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். வலது கை மணிக்கட்டுவரை சுவருக்குள் இருந்தது. சுற்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. பெயின்ட் காய்ந்திருந்தது.

“அப்பா?”

அவன் பிடரிக்குப் பின்னால் கட்டர் மெல்லத் திறந்தது.