சிவப்புச் சுவருக்கு ஈடு

அன்று காலை தெருமுனையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் தங்கை செண்பகவடிவு, எதிர்வீட்டு மைதீன் பிச்சை, மாநகராட்சியின் வெப்ப ஆய்வாளர் ராயப்பன், நான். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அப்போது தத்தம் வீட்டுச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடியில் விடிந்ததும் முதல் வேலை அதுதான். தூசி படிந்தால் வெள்ளை மங்கும், சுவர் வெயிலைக் குடிக்கும், கூரைமேல் இருக்கும் வெப்பமானி உடனே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஈரத்துணியோடு நிற்போம். ஊர் முழுவதும் வெள்ளை. பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிட்டது.

நிறத்துக்குத் தடையில்லை, ஈடு உண்டு. ஆழ்கடலிலிருந்து வரும் குளிர்நீர் எல்லா வீட்டுச் சுவர்களுக்குள்ளும் ஓடுகிறது. எந்தச் சுவரில் அடர்நிறம் ஏறுகிறதோ, அந்த வீடு தன் குளிர்ப்பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வடிவு இப்படிப்பட்ட ஊர்களில் பெருஞ்சுவர்களுக்கு நிறம் தருகிறவள். ஓர் இடத்தில் வெளிச்சம் விழுவதை நாள்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தேர்ந்தெடுப்பாள். பிறந்த ஊரில் அவள் தேர்ந்தெடுத்தது மைதீனின் மூன்று மாடிச் சுவரை.

"சம்மதந்தானா பாய்?" என்றார் ராயப்பன்.

"அண்ணாச்சி வீட்டுப் பொண்ணு கேட்டு இல்லைன்னு சொன்னா என் வாய் வெந்துராதா?"

"எப்படியும் வேகத்தானே போறீரு."

மைதீன் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இரண்டு முறை மூச்சுக்காக நின்றார். அதை நான் பார்த்தேன். வடிவு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, நம்ம வீட்டுச் சுவர்ல அடி" என்றேன்.

"அது தாழ்ந்து கிடக்குண்ணே. துறைமுகத்துல இறங்கி வாறவன் திரும்புனதும் இந்தச் சுவரைத்தான் பாப்பான். இடம் மாறுனா அது வேற படம்."

"எல்லா ஊர்லயும் அடுத்தவன் குளிரைத்தான் பூசிட்டு வந்திருக்க."

"அவங்களா மனசோட குடுத்தாங்க."

"பாய் மனசோட குடுக்கல. நம்ம முகத்துக்காகக் குடுக்காரு."

மைதீன் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

பாய் வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீடு ஈடு கொடுக்கலாமா என்று ராயப்பனைக் கேட்டேன்.

"சட்டத்துல இடமிருக்கு அண்ணாச்சி. இதுவரை யாரும் கேட்டதில்ல. ஆனா குளிர்நீர் வால்வை ஒருக்க மூடினா, நிறம் இருக்குற வரைக்கும் திறக்க முடியாது." வடிவிடம் திரும்பினார். "உங்க பெயிண்ட் எத்தனை வருசம் தாங்கும்?"

"பதினஞ்சு" என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். எனக்கு எழுபத்து நான்கு வயது.

"அண்ணே, நான் அடிக்கல. விட்ருங்க."

"கேட்டாச்சு. அவரும் தந்தாச்சு. கேட்டதை வேண்டாம்னு திருப்பிக் குடுக்குற வீடு இல்ல நம்ம வீடு. வேலையைப் பாரு."

நான் சொன்னால் சொன்னதுதான். பாய் வீட்டுச் சுவரில் படம் எழுந்தது. வள்ளத்தின் விலாவில் பூசும் சிவப்பு. அதன் நடுவே கடலை நோக்கி இறங்கும் மஞ்சள் பட்டை. பேருந்தில் வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். மாலையில் அந்தச் சிவப்பு என் அறைக்குள் வந்து, வெள்ளைச் சுவரிலும் என் சட்டையிலும் படிகிறது. சட்டை நனைந்திருக்கும். கழுத்துப் பொத்தானை நான் அவிழ்ப்பதில்லை. உச்சிவெயிலில் மைதீன் வாசலில் வந்து நின்று, "ஒரு நாழி நம்ம வீட்ல வந்து இருங்களேன்" என்பார். "இருக்கட்டும் பாய்" என்பேன். கொடுத்த குளிரில் போய் உட்கார்ந்தால் அது கொடுத்ததாகாது.

வடிவு அதன்பின் எந்த ஊரிலும் தூரிகையை எடுக்கவில்லை. அழைப்புகள் வருகின்றன. அங்குள்ள சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறாளாம்.

புகழுக்காகச் செண்பகவடிவு தன் அண்ணனை வெயிலில் போட்டுவிட்டுப் போனாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. எங்கள் வீட்டுக் குளிர்நீர் வால்வைத் திருகி மூடியவன் நான். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள், உதறினேன்.