இரண்டு தலை, இரண்டு கை

நாகஜோதிக்கு ஆப்பிரிக்கா பிடிக்கவே இல்லை. இதை ராஜபாளையத்தில் போய்ச் சொன்னால் தெருவே சிரிக்கும். "சிங்கத்தப் பாத்துட்டு வந்து சொல்லுட்டி" என்று பொறாமையோடு வழியனுப்பியவள் அவளுடைய தோழி காளீஸ்வரி.

அப்பா பாண்டிச்செல்வம் கென்யாவில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஊருக்கு வந்தவர், கோடை விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

மில் வீட்டில் பேச ஆளே இல்லை. அப்பா இருட்டிய பிறகுதான் வருவார். வந்தாலும் போன் அவரை விடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் தனியாகத் தின்னப் பிடிக்காமல், டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காட்டுக்குப் போவோம் தாயி. அன்னைக்கு முழுக்க உங்கூடத்தான்" என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நாளைக் கடத்தினாள்.

ஞாயிறு வந்தது. ஜீப் வந்தது. கூடவே மில்லிலிருந்து போனும் வந்தது.

"அப்பா, எம்புட்டு யானை பாருங்க!"

கோயில் யானையை ஒற்றையாகவே பார்த்துப் பழகியவள் அவள். இங்கே யானைகள் குட்டிகளோடு குடும்பமாய் நடந்தன.

"பாக்கேன் தாயி... ஹலோ சுப்புராஜ், மோட்டார் ஓடுதா, நிக்குதா?"

"அப்பா, சிங்கம்! தூங்குது!"

"செத்த நேரம் இரு தாயி... மொதல்ல பெல்ட்டக் கழத்துய்யா!"

சிங்கத்தை அவள் தனியாகத்தான் பார்த்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மதியம், ஜீப் ஓட்டிய லெமையான் அவர்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போனார். அவர் மாசாய் இனத்தவர். மாடு வளர்ப்பதுதான் அவர்கள் வேலை. முள்வேலிக்குள் வட்டமாக மண் வீடுகள் இருந்தன.

சிவப்புத் துணி போர்த்திய ஒரு குட்டிப் பையன் ஓடிவந்தான். நாகஜோதியின் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

அவளுக்குத் திக்கென்றது. அவள் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள்தான் இப்படி நிற்பார்கள்.

"நான் ஒண்ணும் வையலையே!" என்று பின்னால் நகர்ந்தாள். அவனும் ஓரடி முன்னால் வந்து மறுபடி குனிந்தான்.

லெமையான் சிரித்தார். "இது எங்கள் வணக்கம். சின்னவர்கள் குனிந்தால், பெரியவர்கள் அவர்கள் தலையில் கை வைக்க வேண்டும். வைக்கும்வரை அவன் நகர மாட்டான்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நான் பெரியவளா?"

"அவனுக்கு நீ பெரியவள்தான்."

நாகஜோதி அவன் தலையில் கை வைத்தாள். வெயிலில் தலை வெதுவெதுவென்று இருந்தது. பையன் பளிச்சென்று சிரித்து, அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

பையில் கொண்டுவந்திருந்த பால்கோவா டப்பா அன்றைக்குத்தான் திறந்தது. இருவரும் கன்றுக்குட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தின்றார்கள். பேச்சு புரியவில்லை. ஆனாலும் பேசினார்கள்.

ஜீப் பக்கத்தில் அப்பா இன்னும் போனில்தான் இருந்தார். நாகஜோதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராகப் போய், அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

"என்ன தாயி? பசிக்கா?"

அவள் ஓரடி முன்னால் வந்து மறுபடி குனிந்தாள்.

"ஆரும் வஞ்சாகளா?"

குட்டிப் பையனும் ஓடிவந்து அவள் பக்கத்தில் குனிந்து நின்றான்.

அப்பா திருதிருவென விழித்தார். லெமையான் தன் தலையில் கை வைத்துக் காட்டினார்.

இரண்டு தலைகள் இருந்தன. அப்பாவின் ஒரு கையில் போன் இருந்தது.

"சுப்புராஜ், பொறவு பேசுதேன்யா."

போன் சட்டைப்பைக்குள் போனது. இரண்டு கைகளும் இரண்டு தலைகள்மீது வந்தன. நாகஜோதி உடனே நிமிரவில்லை. அந்தக் கை இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஒன்னயத் தனியா விட்டுட்டேன்ல?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "அந்தச் சிங்கத்த எனக்கும் காட்டுதியா?"

"காட்டுதேன்" என்று நிமிர்ந்தாள் நாகஜோதி. "ஆனா, அது தூங்குதுப்பா. போன்ல பேசிராதிய!"